நாசில் கடைப் பற்று வரவு

நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
ஆறு நாசில், ஒரு பிளஞ்சர், கூலி.
பாக்கி வைத்துவிட்டு லெம்பர்ட்
ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான்.
படகை அதற்கு முன்பே விற்றிருந்தான்.

மண்டபம் வடக்குத் துறைக்குப் போகிற வழியில்
ஐஸ் கம்பெனிக்கு எதிரே என் கடை.
டீசல் பம்புக்கு அளவு வைக்கிறேன்.
நாசில் சீறுகிறதா, மூக்கொழுகுகிறதா,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

மூன்றாம் மாதம் போனில் அவன் குரல்:
“செலஸ்டினா, காசு இல்ல.
இங்க ஒரு அரபியோட கொட்டகையில
பழைய பந்தயக் கார் தொடைக்கிற வேலை.
தெனம் ஒரு சங்கதி சொல்றேன்,
சங்கதிக்கு இருபது ரூவா கழிச்சுக்கிறியா?”

தடைக்காலம். கச்சான் மணலை வாரிக்
கடைக்குள் இறைத்தது. ஒரு கிராக்கி இல்லை.
கழிச்சுக்கிறேன் என்றேன்.

ஒன்று:
பழைய போர்ஷேயில் ரேடியேட்டர் கிடையாது,
காற்றும் எண்ணெயும்தான் சூடு ஆற்றும்.
தண்ணியில்லாக் காடு என்று நோட்டில் எழுதினேன்.
தண்டனை மாற்றலில் இங்கே வருகிற
தாசில்தாருக்குத் தோதான வண்டி.

ஐந்து:
மெர்சிடஸ் முந்நூறு எஸ்.எல்.
கதவு இரண்டும் மேலே திறக்கும்,
ஆலா றெக்கை விரித்த மாதிரி.
மூடி தாழ்வாக இருக்கவேண்டுமென்று
இன்ஜினையே சரித்துப் படுக்கவைத்திருக்கிறார்கள்.
வெளியே எட்டிப் பார்த்தேன்.
கரையேற்றிய விசைப்படகுகளும்
அப்படித்தான் ஒருக்களித்துக் கிடந்தன.

பன்னிரண்டாவதைக் கழிக்கவில்லை.
ஃபெராரி இருநூற்றைம்பது என்றால்
அத்தனை குதிரைத் திறன் என்றான்.
பொய்க்கு இருபது ரூபாயா?
மறுநாள் பம்மிக்கொண்டு வந்தான்:
அது ஒரு சிலிண்டரின் கொள்ளளவாம்,
பன்னிரண்டு சிலிண்டர், ஏறக்குறைய மூன்று லிட்டர்.
பெருக்கிப் பார்த்துவிட்டுக் கழித்தேன்.

லம்போர்கினி மியூரா, முதலில் வந்தவை:
இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்.
(ஒரே சட்டியில் ரசமும் மீன்குழம்புமா?)

டொயோட்டா இரண்டாயிரம் ஜி.டி.:
இன்ஜினில் கைவைத்தது யமஹா,
முகப்புப் பலகையை இழைத்தது
அவர்களுடைய பியானோ ஆட்கள்.
வள்ளத்து வாலில் மாட்டுகிற அதே யமஹா.
அன்று அவுட்போர்டு கொண்டுவந்த இன்னாசியிடம்
இதைச் சொன்னேன்.
“அதான் கட்டை சுருதியில கத்துதோ” என்றான்.

மாஸ்டா காஸ்மோவில் பிஸ்டனே இல்லை,
முக்கோணம் ஒன்று சுற்றிச் சுற்றி வரும்.
செய்து பார்த்த காலத்தில் உள்சுவரெல்லாம்
வரிவரியாகக் கோடு விழுந்ததாம்.
பிசாசின் நகக்கீறல் என்று பேர் வைத்து
உறங்காமல் உட்கார்ந்து தீர்த்தார்களாம்.
அதற்கு மட்டும் நாற்பது கழித்தேன்.
உப்புநீர் புகுந்த லைனர்களை
நான் பார்த்திருக்கிறேன்.

வாடை பிறந்தது. பாக்கி தீர்ந்தது.
கடைசி இருபதின் கீழே
ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டுப்
படம் பிடித்து அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.
அப்புறம் மூன்று நாள்
ஒன்றும் வரவில்லை.
போன் கெட்டுவிட்டதோ என்று
இன்னாசியைக் கூப்பிடச் சொன்னேன்.
நன்றாக அடித்தது.

நாலாம் ராத்திரி:
“இது கணக்குல இல்ல.
அந்த ஆலா றெக்கைக் கார் ஞாபகமா?
அதோட பம்பு ஒன் டீசல் பம்புக்குப் பங்காளி,
பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ள பீச்சும்.
சாவியத் திருப்பி அணைச்சாலும்
இன்ஜின் சுத்தி நிக்கிற வரைக்கும்
அது பாட்டுக்குப் பீச்சிக்கிட்டே இருக்கும்.
பொறி இல்ல, எரியாது,
சும்மா சுவத்துல வழிஞ்சு
எண்ணெயக் கழுவிக்கிட்டு எறங்கும்.
கேளு, இப்பத்தான் அணைக்கிறேன்.”

கேட்டேன்.
முதல் தடவை அவன் மூச்சுதான் கேட்டது.
இரண்டாம் தடவை இன்ஜின்,
தயங்கித் தயங்கி அடங்குகிறது.
மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு.

“ஒரு நாசில் ஒழுகுது.
பாத்து மாத்து, எண்ணெயையும் மாத்து”
என்று அனுப்பிவிட்டு
நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.

லெம்பர்ட், ஷார்ஜா.
காதால் பார்த்த கூலி:
ரூபாய் இருபது.
பற்று.